தட்டு மேசையில் இருக்கும்போது

என் வீட்டில் பால் பொங்கி வழியாத வாரம் கிடையாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாஷிங் மெஷினில் துணி போடப் போவேன். துணி போடும்போது தங்கை போன் செய்வாள். அவளோடு பேசிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போய் வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். தீய்ந்த வாசனை மாடிப்படி ஏறி வரும்போதுதான் பால் ஞாபகம் வரும். என் கணவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுப்பைச் சுரண்டிக்கொண்டே, "இவள நம்பி அத்தன பேரு உசுர ஒப்படைச்சாங்களே, நெனச்சா எனக்கு இப்பவும் வயித்த கலக்குது" என்பார்.

கேலியில் நியாயம் உண்டு. அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். யாருக்கு எந்த ரத்தம் ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. அதில் பால் பொங்கினால் துடைத்துவிட்டுப் போக முடியாது.

இதை எழுதச் சொன்னவள் நிவேதா. நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள். அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் திரை வைத்திருக்கிறார்களாம். எல்லா வார்டுகளிலிருந்தும் செய்தி ஒரே நேரத்தில் வந்து குதிக்குமாம். புதிய மானேஜர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த நீல நிற பிளாஸ்டிக் தட்டைக் காட்டி, "இது எதுக்கு, தூக்கிப் போட்ரலாமே" என்றாராம். "அக்கா, நான் சொன்னா கதை விடறேன்னு நெனைக்கறார். நீங்க நடந்தத எழுதிக் குடுங்க, நம்ம ஆண்டு மலர்ல போட்ரலாம்" என்றாள். போன் வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்.

படித்தது, பயிற்சி எடுத்ததெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் டூ, டிப்ளமோ, ஒரு சின்ன லேபில் சர்க்கரை, உப்பு, சிறுநீர் என்று கொஞ்ச காலம், பிறகு இந்த ரத்த வங்கி. நான் கற்றுக்கொண்டது எல்லாம் பத்மா மேடத்திடம். டாக்டர். ரத்த வங்கிக்குப் பொறுப்பு அவர்தான்.

மேடம் குள்ளம். குரல் அதைவிடச் சின்னது. கோட்டுப் பாக்கெட்டில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இரண்டாவது விஷயத்தை எடுத்தால், ஆள்காட்டி விரலை உயர்த்துவார். அவ்வளவுதான். முதல் விஷயம் முடிகிறவரை அந்த விரல் இறங்காது. மருத்துவமனை டைரக்டருக்கும் அதே விரல்தான், தரை துடைக்கும் அம்மாவுக்கும் அதே விரல்தான். சாப்பாட்டிலும் அப்படித்தான். டப்பாவைத் திறந்தால் பொரியல் முழுவதையும் முதலில் சாப்பிட்டு முடிப்பார். பிறகு சாதம். ஊறுகாய் கடைசியில் தனியாக. "மேடம், தொட்டுக்கறதுக்குப் பேருதான் ஊறுகா" என்று நான் ஒருநாள் கிண்டல் செய்தேன். "எனக்கு எல்லாத்தோட ருசியும் தெரியணும் கலா" என்றார்.

நான் அதற்கு நேர்மாறு. வாயும் கையும் ஒரே சமயத்தில் ஓடும். சேர்ந்த புதிதில், ரத்தத்துளியை ஸ்லைடில் விட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த ரவியிடம் சேலைக் கதை பேசிக்கொண்டிருந்தேன். ரவியும் டெக்னீஷியன், எனக்கு ஒரு வருடம் மூத்தவன். மேடம் அதைப் பார்த்தார். மறுநாள் வரும்போது அம்பத்தூர் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் நீல நிறத் தட்டு ஒன்றை வாங்கி வந்தார். விருந்தாளிக்கு டம்ளர் வைத்துக் கொடுப்போமே, அந்த மாதிரித் தட்டு.

"இனிமே இதுதான் சட்டம்" என்றார்.

சட்டம் இதுதான். ஒரு நோயாளியின் டியூப் மட்டும் தட்டில் ஏறும். கூடவே அந்த நோயாளியின் சீட்டு, அந்த நோயாளிக்குத் தேவையான ஸ்லைடு. வேறு எவருடைய எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. ஏற்றியதும் டியூபில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு மூன்று துளி ரத்தம், மூன்று மருந்து. நீல மருந்து ஒன்று, மஞ்சள் மருந்து ஒன்று, நிறமில்லாதது ஒன்று. கலந்து மெல்ல ஆட்டினால் சிலதில் ரத்தம் பால் திரிகிற மாதிரித் திரிந்து கட்டி கட்டியாகும், சிலதில் சும்மா இருக்கும். எதில் திரிகிறது, எதில் திரியவில்லை என்பதை வைத்து குரூப் தெரிந்துவிடும். அதன் பிறகு, கொடுக்கப்போகும் பையின் ரத்தத்தோடு நோயாளியின் ரத்தத்தைச் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் நேரம் பிடிக்கும். எல்லாம் முடிந்து, பையில் சீட்டு ஒட்டி, மறுபடி பெயரைப் படித்து, தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தால்தான் அடுத்த ஆள்.

தட்டு மேசையில் இருக்கும்வரை அதன்முன் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. போன் அடித்தால் அவர் எடுக்கக் கூடாது. ஜன்னலில் யார் வந்து நின்றாலும் அவர் திரும்பக் கூடாது. "தட்டு மேல இருக்கு" என்று மற்றவர் சொல்லிவிட்டு, அந்தப் போனையும் ஜன்னலையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இது சிறைத்தண்டனையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரே டியூபைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்கு உண்ணாவிரதம் மாதிரி. ஆனால் சீக்கிரமே ஒன்றைக் கவனித்தேன். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது தலை கனக்கவில்லை. வேலையும் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. முன்பெல்லாம் ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, போனுக்குப் போய் வந்து, "இதைப் பார்த்தோமா இல்லையா" என்று மறுபடி முதலிலிருந்து செய்வேன். அந்த மறுபடி என்பதே ஒழிந்துவிட்டது.

அப்போதைய மானேஜருக்கு மட்டும் தட்டைக் கண்டால் ஆகாது. "மேடம், ரெண்டு தட்டு வாங்கினா வேலை ரெண்டு மடங்கு ஆகுமே" என்றார்.

"தாராளமா வாங்குங்க சார். கூடவே ரெண்டு மேசையும் ரெண்டு ஆளும் வாங்குங்க" என்றார் மேடம். மானேஜர் கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். நிவேதா கேட்டது இதைத்தான்.

ஐப்பசி மழை. அம்பத்தூர் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். மதியச் சாப்பாட்டு நேரம். மேடம் பொரியலை முடித்திருந்தார், சாதத்தைத் தொடவில்லை. பிரசவ வார்டிலிருந்து ஆயாம்மா ஓடி வந்தார். கையில் ஒரே கிண்ணத்தில் இரண்டு டியூப்கள். இரண்டிலும் பெயர் தேவி.

ஒரு தேவி வெள்ளானூர்க்காரி. பிரசவம் ஆகிவிட்டது, குழந்தை நலம், ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இன்னொரு தேவி முகப்பேரில் ஃபிளாட்டில் இருப்பவள். ஏற்கெனவே ரத்தசோகை. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும், ரத்தம் தயாராக இருந்தால்தான் ஆரம்பிப்போம் என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் உடனே வேண்டும்.

"யார் முதல்ல?" என்று மேடம் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். வெள்ளானூர் தேவி என்றார்கள். மேடம் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்து வைத்தேன். முகப்பேர் தேவியின் டியூபை ரவி வாங்கி அறையின் அந்தக் கோடியில் இருந்த அலமாரித் தாங்கியில் வைத்தான். நான் பெயரைப் படித்தேன், எண்ணைப் படித்தேன், துளி விட்டேன்.

அப்போதுதான் ஜன்னல் அதிர்ந்தது. கண்ணாடியில் ஒரு பெரிய கை ஓங்கி அறைந்தது. வெள்ளானூர் தேவியின் புருஷன் ஏழுமலை. பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். நிலம் வீட்டு மனையாகிவிட்டதால் இவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மழையில் நனைந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, அங்க என் பொண்டாட்டி உசுருக்கு இழுத்துகினு கீறா, நீ இன்னாடான்னா பொம்ம கணக்கா குந்திகினு கீற? ரெண்டு கையும் நல்லாதான கீது? சீக்கிரம் பண்ணுமா!"

இது ரவி பிறகு எனக்குச் சொன்னது. சத்தம் மட்டும்தான் என் காதில் விழுந்தது, வார்த்தை விழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க மாட்டேன். திரும்பி அந்த மனிதரிடம் "செய்துகொண்டுதான் இருக்கிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டால் போதும் என்று மனசு துடித்தது. திரும்பவில்லை.

மேடம் எழுந்தார். டப்பாவை மூடினார். ரவியிடம் போனை ஒப்படைத்தார். ஜன்னலுக்குப் போகவில்லை, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் ஏழுமலையின் பக்கத்தில் நின்றார். அவருடைய இடுப்பு உயரம்தான் இருந்திருப்பார். "சொல்லுங்க" என்றாராம். வேறு எதுவும் சொல்லவில்லை. ஏழுமலை திட்டினார், அழுதார், மறுபடி திட்டினார். மேடம் அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அதுதான் அவருடைய தட்டு.

பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். முகப்பேர் தேவியின் கணவர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். தோளில் லேப்டாப் பை, கையில் போன். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

கடைசியில் ஏழுமலை சட்டைக் கையை மேலே சுருட்டினார். "எங்கிட்ட எடுத்துக்கமா. எனக்கும் பி பாசிட்டிவு, அவளுக்கும் பி பாசிட்டிவு. செக்கப்புல சொன்னாங்கோ. ஜாதகமே பாக்கல, ரத்தம் பொருந்திடுச்சின்னு எங்க மாமியாரு ஊரெல்லாம் சொல்லிகினு திரியுது. எவ்ளோ ஓணுமோ எடுத்துக்க!"

மேடம் உள்ளே வந்தார். என் பின்னால் வந்து நின்றார், பேசவில்லை. நான் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தில் திரியவில்லை. மஞ்சளில் திரியவில்லை. மூன்றாவதில் திரிந்தது. வேறு வழியிலும் சரிபார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

"ஓ பாசிட்டிவ்" என்றேன்.

"தட்டை இறக்கு" என்றார் மேடம். "வெளிய அவரு, பொண்டாட்டிக்கு பி பாசிட்டிவ்னு சொல்றாரு."

ரவிதான் முதலில் பேசினான். அவன் கெட்டிக்காரன், அவசரக்காரனும்கூட. "மேடம், ரெண்டு தேவிக்கும் டியூப் மாறியிருக்கு, அவ்ளோதான். அந்த டியூபைப் பாப்போம். அது பி-ன்னு வந்தா சீட்டை மாத்தி ஒட்டிட்டு உடனே அனுப்பிடலாம். டைம் மிச்சம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. வெளியே ஒருத்தியின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. மேடம் விரலை உயர்த்தினார். என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்.

"மேசையில எத்தனை டியூப் இருந்துச்சு?"

"ஒண்ணுதான் மேடம்."

"அப்ப தப்பு இந்த மேசையில நடக்கல. வார்டுல நடந்திருக்கு. அங்க எத்தனை டியூப் இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ரெண்டு தேவி நமக்குத் தெரியும். மூணாவதா ஒருத்தி இல்லேன்னு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை. அந்த ஒரு கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்ததே, அதற்காகத்தான் அத்தனை வருடம் அந்தத் தட்டு. இரண்டு டியூபும் என் முன்னால் கிடந்திருந்தால், "நான்தான் மாற்றி எடுத்துவிட்டேனோ" என்று தடுமாறி, ரவி சொன்னதைத்தான் செய்திருப்பேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. அவசரத்துக்கென்று எப்போதும் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் ஓ நெகட்டிவ் பை உடனே வெள்ளானூர் தேவிக்குப் போனது. குரூப் தெரியாதவருக்கும் அவசரத்துக்குக் கொடுக்கலாம், அதற்காகவே வைத்திருப்பது. இரண்டு டியூபையும் மேடம் குப்பையில் போடச் சொன்னார். வார்டுக்குப் போன் செய்து, வெள்ளானூர் தேவியிடம் மட்டும் ரத்தம் எடுங்கள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சீட்டு ஒட்டுங்கள், அது இங்கே வந்து சேர்ந்த பிறகு மற்றவளிடம் போங்கள் என்றார். குரல் எப்போதும் போலச் சின்னதாகத்தான் இருந்தது.

புது டியூப் வந்தது. தட்டு ஏறியது. இந்த முறை மஞ்சளிலும் மூன்றாவதிலும் ரத்தம் திரிந்தது. பி பாசிட்டிவ். ஏழுமலையின் மாமியார் சொன்னது சரி. ஒத்துப்போகும் பையைப் பார்த்து அனுப்பினேன். தட்டைத் துடைத்தேன். அடுத்தது முகப்பேர் தேவி. அவள் ஓ பாசிட்டிவ்.

அப்போதுதான் எனக்கு முழுதும் உறைத்தது. பி குரூப் ஆளுக்கு ஓ ரத்தம் போனால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஓ குரூப் ஆளுக்கு பி ரத்தம் போனால் உயிரே போய்விடலாம். அந்த முதல் சீட்டுகளை நம்பியிருந்தால், ஆபத்து கத்தியவரின் மனைவிக்கு இல்லை. லேப்டாப் பையோடு பேசாமல் நின்றாரே, அவர் மனைவிக்கு. ஏழுமலை கத்தியது அவருக்கே தெரியாமல் இன்னொரு வீட்டு விளக்கைக் காப்பாற்றியது.

இரண்டு தேவிகளும் பிழைத்தார்கள். சாயந்திரம் ரத்தப்போக்கு நின்றது என்று செய்தி வந்தபோது நான் பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். மேடம் மிச்சமிருந்த சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாயைத் தொடவில்லை, அது கடைசியில்தான்.

தப்பு எப்படி நடந்தது என்று பிறகு தெரிந்தது. பிரசவ வார்டு சிஸ்டர் ஒரு தேவியிடம் ரத்தம் எடுத்தார். சீட்டு ஒட்டுவதற்குள் இன்னொருத்தி வலியில் கூப்பிட்டாள். நல்ல மனசு, ஓடினார். அங்கேயும் எடுத்தார். இரண்டு டியூபையும் மேசைக்குக் கொண்டுவந்து, போனில் டாக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இரண்டு சீட்டையும் ஒட்டினார். சோம்பேறித்தனம் துளியும் இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உதவி செய்ய ஓடியதுதான் தப்பு. எங்களைப் போன்ற சுறுசுறுப்பான ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்வோம், மந்தமானவர்களுக்கு வராது.

பெரிய விசாரணை வரும் என்று அந்த சிஸ்டர் நடுங்கிக்கொண்டிருந்தார். மேடம் மறுநாள் அதே பாத்திரக் கடையில் அதே நீலத்தில் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனார். "இது உங்களுக்கு. ஒரு கட்டிலுக்குத்தான் இது போகும்" என்றார். மானேஜர் ஆசைப்பட்ட இரண்டாவது தட்டு அப்படித்தான் வந்தது.

எனக்கு இன்னொன்றும் அன்று புரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும் என்று அர்த்தமில்லை. நான் காதை மூடிக்கொண்டு உட்கார முடிந்ததற்குக் காரணம், எனக்காக ஒருவர் முழுக் காதையும் வெளியே கொடுத்துக்கொண்டு நின்றார். புதிய மானேஜர் இதை மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டும். நிவேதா தட்டு முன்னால் உட்காரும்போது, அந்தத் திரையைப் பார்க்க வேறொரு ஆளைப் போடுங்கள் சார். பிறகு பாருங்கள், வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று.

ஏழுமலையை நான் அப்புறமும் பார்த்தேன். ரத்தம் கொடுக்க வர ஆரம்பித்தார். தண்ணீர் லாரியை வாசலில் அடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டு, செக்யூரிட்டியோடு சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "இன்னாமா, பொம்ம கணக்கா குந்திகினு கீறியா?" என்பதுதான் எங்களுக்குள் வணக்கம். மகளைத் தோளில் தூக்கி வந்தார். பிறகு கை பிடித்து நடத்தி வந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு அவர் வந்திருந்தார். மேடம் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டது நிவேதா. விபத்தில் அடிபட்ட ஒரு பையனுக்காக நான் வேலையில் இருந்தேன். பையனின் அப்பா வந்து கண்ணாடியில் ஓங்கி அறைந்தாராம். நிவேதா கதவைத் திறப்பதற்குள், ரத்தம் கொடுத்துவிட்டுக் கையில் பஞ்சோடு வந்த ஏழுமலை அந்த மனிதரின் கையைக் கண்ணாடியிலிருந்து மெல்ல எடுத்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாராம்.

"தட்டாத அண்ணாத்தே. உள்ள தட்டு மேல கீது. இப்போ அந்தம்மாவுக்கு இந்த ஒலகத்துல உன் புள்ளைய தவுர வேற யாருமே இல்ல. இன்னா சொல்லணுமோ எங்கிட்ட சொல்லு, நான் கேக்கறேன்."

நிவேதா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. தட்டு மேசையில் இருந்தது.